மருதோன்றியா, பச்சையா?

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் ஏழு பேர் கூடியிருந்தோம். ராத்தா, சாச்சியின் மகள்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், நான். நடுவில் ஒரு தட்டில் மருதோன்றிக் கோன்கள். பிறை கண்ட அறிவித்தல் வானொலியில் வந்த கையோடு போடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் கையை நீட்டவில்லை. ஏழு பேரும் ஏழு கைத்தொலைபேசிகளில் டிசைன் தேடிக்கொண்டிருந்தோம். "இது வடிவு", "இல்லடி, இது அதைவிட வடிவு" என்று மாறி மாறிக் காட்டியதில் ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. தேத்தண்ணி கொண்டுவந்த உம்மம்மா எங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கை சிவக்க முதல் கண் சிவந்து போச்சே, புள்ளையள்."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மருதோன்றி டிசைன் தேடிய அனுபவம் உள்ள தோழியருக்கு ஒன்று தெரியும். 'கைக்கு இலகுவான டிசைன்' என்று தேடினால் மருதோன்றி மட்டும் வருவதில்லை. பச்சை குத்தும் டிசைன்களும் கலந்து வரும். மணிக்கட்டில் பறக்கும் குருவிகள், விரலோரம் ஒரு பிறை, முன்கையில் வளைந்தோடும் அரபு எழுத்து. பச்சை குத்துவது எங்கள் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்பதை இங்கே ஒருவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்து மருதோன்றியால்தானே வரைகிறோம் என்று எடுத்துக்கொள்வோம். அன்றும் என் தோழி ஒருத்தி அப்படி ஒரு அரபு எழுத்து டிசைனைத் தெரிவுசெய்தாள். 'பொறுமை' என்று பொருள் என்பதாகப் படத்தின் கீழே ஆங்கிலத்தில் இருந்தது. மிகவும் கவனமாக வரைந்து கொடுத்தேன்.

பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனபோது அரபு பாடம் எடுக்கும் டீச்சர் அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்: "இது என்ன மொழி, மகள்?" எழுத்துகள் ஒன்றோடொன்று சேரவில்லை. வலமிருந்து இடமாகப் போக வேண்டியவை இடமிருந்து வலமாகப் போயிருந்தன. அரபு தெரியாத யாரோ ஒருவர், அரபு எழுத்தைச் சரியாகக் கையாளாத ஒரு மென்பொருளில் தட்டிய படம் அது. அதைப் பார்த்து எத்தனை பேர் உண்மையாகவே தோலில் ஊசியால் குத்திக்கொண்டார்களோ!

எங்களை நினைத்துத்தான் எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கும் எனக்கும் அரபு வாசிக்கத் தெரியும். சின்ன வயதிலிருந்து மத்ரஸாவில் ஓதியவர்கள் நாங்கள். எழுத்துக் கூட்டிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே பிழை தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் வாசிக்கவில்லை, பார்த்தோம். வடிவாக இருந்தது, எடுத்துக்கொண்டோம்.

அன்று இரவு ஒரு கொப்பியை எடுத்து, ஒரு கிழமைக்கு என் வாசிப்பைக் கணக்கெடுப்பது என்று முடிவுசெய்தேன். கைத்தொலைபேசியில் எதைத் திறந்தாலும் ஒரு கோடு. முடிவுவரை வாசித்தால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். ஏழு நாள் முடிவில் கோடுகள் 212. வட்டங்கள் நான்கு. அந்த நான்கில் ஒன்று சமையல் குறிப்பு. இன்னொன்று பரீட்சை நேரசூசி. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் வாசிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்த எனக்கு, நான் வாசகி அல்ல, வழிப்போக்கி என்பது அப்போதுதான் விளங்கியது. நீங்களும் ஒரு கிழமை எண்ணிப் பாருங்கள். என்னுடையதைவிட உங்கள் கணக்கு நல்லதாக இருந்தால் எனக்குச் சந்தோசம்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கலாம். ஒரு சம்பவம் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் சொந்தத்தில் ஒரு கலியாணம். 'அரை மணித்தியாலத்தில் கறுப்பாகச் சிவக்கும்' என்று ஒரு காணொளியில் கண்ட கோனை வாங்கி, என் சாச்சியின் மகள் கையில் போட்டுக்கொண்டாள். விடியப் பார்த்தால் கோடு போன இடமெல்லாம் கொப்புளம். உண்மையான மருதோன்றி இலை அரை மணித்தியாலத்தில் கறுக்காது. கறுப்பு வருவதற்காகச் சிலர் அதில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற இரசாயனத்தைக் கலக்கிறார்கள். தோலில் அது ஒவ்வாமையையும் எரிகாயத்தையும் உண்டாக்கக்கூடியது. இந்த எச்சரிக்கை இணையத்தில் வேண்டிய அளவு இருக்கிறது. நாங்கள் அதே இணையத்தில்தான் இருந்தோம், ஆனால் படத்தோடு நின்றுவிட்டோம். காயம் ஆறிய பிறகும் அவளுடைய புறங்கையில் ஒரு பூவின் தடம் மங்கலாக இருக்கிறது. இரண்டு கிழமையில் போய்விடும் என்று போட்டது இரண்டு வருடமாகப் போகவில்லை.

இந்த வித்தியாசம் ஏன் வருகிறது? எங்கள் உயிரியல் பாட அறிவை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மருதோன்றி இலையில் லோசோன் என்றொரு சாயம் இருக்கிறது. தேசிக்காய்ப் புளி சேர்த்து அரைத்துப் பூசும்போது அது தோலின் ஆக மேற்படையில் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படை நாளாந்தம் உதிர்ந்து புதிதாக வருவது. ஆகவே இரண்டு மூன்று கிழமையில் சிவப்பும் போய்விடும். பச்சை குத்தும்போது ஊசி அதைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், உதிராத உட்தோலில் மையை வைக்கிறது. அங்கே உடலின் காவல் கலங்கள் அந்த மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்த கலம் விழுங்கிக்கொள்கிறது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் 2018இல் எழுதினார்கள். அதாவது பச்சை நிலைத்திருப்பது மை கெட்டியானது என்பதால் மட்டுமல்ல. ஒருவர் விட்டதை அடுத்தவர் எடுத்துக்கொள்வதாலும்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வட்ஸ்அப்தான் ஞாபகம் வந்தது.

என் கருத்து இதுதான்: இணையத்தில் நாங்கள் மருதோன்றி என்று நினைத்துப் போடுகிற பல விடயங்கள் உண்மையில் பச்சை. 'ஸ்டேட்டஸ்தானே, 24 மணித்தியாலத்தில் போய்விடும்' என்று போடுகிறோம். யாராவது ஒருவர் அதைப் பிடித்து வைத்து இன்னொருவருக்கு அனுப்பினால், அந்தக் கலங்களைப் போல ஒருவர் விட்டதை மற்றவர் விழுங்குவார். பிறகு நாங்கள் அழித்தாலும் அது அழியாது.

இது தனிப்பட்ட படங்களோடு முடிகிற விடயம் அல்ல. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ஒருவருடைய சாப்பாட்டில் ஒரு கட்டி இருந்தது. மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. காணொளி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பின்னர் அறிவித்தது. ஆனால் அதற்குள் மார்ச் மாதம் பிறந்து, கண்டி மாவட்டத்தில் திகனையும் சுற்றியுள்ள ஊர்களும் எரிந்துவிட்டன. அவசரகாலச் சட்டம் வந்தது. அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாட்கள் தடைசெய்தது. அந்தக் கலவரத்தில் தங்கள் தளத்தின் பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்களில் எத்தனையோ பேர் கெட்ட மனிதர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களும் எங்களைப் போல வாசிக்காமல் பார்த்திருப்பார்கள், பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளியிருப்பார்கள்.

அவர்களைக் குறைசொல்ல முதல் எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்க்கிறேன். போன தவணையில் 'பரீட்சை பிற்போடப்பட்டுள்ளது' என்று ஒரு செய்தி வந்தது. திகதியை வாசித்திருந்தால் அது போன வருடத்து அறிவித்தல் என்பது தெரிந்திருக்கும். நான் வாசிக்கவில்லை. மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி அதை நம்பி முதல் நாள் பாடசாலைக்கு வரவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனாலும் அந்தப் பாடத்தில் அவளுக்குப் புள்ளி போனது போனதுதான்.

சரி, இதற்கெல்லாம் தீர்வு பிள்ளைகளின் கையிலிருந்து போனைப் பறிப்பதுதான் என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் கையிலிருந்து. அவர்களுடைய பயத்தை நான் மதிக்கிறேன், முடிவை ஏற்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தப் போன் வழியாகத்தான் பாடம் வீட்டுக்கு வந்தது. சமிக்ஞை கிடைக்காத வீட்டுப் பிள்ளைகள் கடற்கரை மேட்டில் நின்று பாடம் பதிவிறக்கியதை நாங்கள் மறக்கவில்லை. பஸ் ஏறி நூல்நிலையத்துக்குத் தனியே போய்வர முடியாத பிள்ளைக்கு அந்தச் சின்னக் கண்ணாடிதான் நூல்நிலையம். ஒரு கோனில் நஞ்சு இருந்ததற்காக மருதோன்றிச் செடியை வெட்டுவதில்லையே!

பறிப்பதைவிட வாசிக்கப் பழக்குவது நல்லது. பழகிய பிறகு எழுதுவது அதைவிட நல்லது. அதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது.

அந்தக் கணக்கெடுப்புக்குப் பிறகு, ஒரு மாறுதலுக்காக எங்கள் ஊரைப் பற்றி இணையத்தில் தேடினேன். மன்னார் என்றால் பள்ளிமுனைப் பெருக்கு மரம் வருகிறது. வீதியில் திரியும் கழுதைகள், மன்னார்க் கோட்டை, தலைமன்னார் இறங்குதுறை, இப்போது புதிதாகக் காற்றாலைகள். அனேகமானவை வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுதியவை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், குறை இல்லை. ஆனால் இங்கே இருப்பவர்கள் எழுதியது மிகக் குறைவு. அதிலும் பெண்கள் எழுதியது இன்னும் குறைவு. எங்கள் கரையில் பன்னோலைப் பாய் எப்படிப் பின்னுவார்கள், பெருநாளைக்கு என்ன பலகாரம், கலியாண வீட்டில் என்ன பாட்டு என்று தேடினால் யாரோ எங்கோ எழுதிய வேறு ஊர் விடயங்கள்தான் வந்தன.

ஆகவே போனை வைத்துவிட்டு உம்மம்மாவிடம் போனேன். உங்கள் காலத்தில் மருதோன்றி எப்படி என்று கேட்டேன். கோன் இல்லை, டிசைன் இல்லை என்றார். வளவு வேலியில் நின்ற செடியிலிருந்து இலை பறித்து, அம்மியில் அரைத்து, தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் விட்டு, விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிவரப் பொட்டுகள். அவ்வளவுதான். கையைத் துணியால் கட்டிக்கொண்டு படுப்பார்களாம். யாருடைய கை கூடச் சிவந்திருக்கிறது என்பதுதான் விடிய எழும்பினால் முதல் பேச்சு.

பேச்சு அந்தச் செடியிலேயே நின்றது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டபோது, எங்கள் குடும்பமும் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியது. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில், பிறகு கல் வீடு. என் உம்மா வளர்ந்ததும் அங்கே, நான் பிறந்ததும் அங்கே. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் பற்றையாகக் கிடந்ததாம். சுவர் இல்லை, வேலி இல்லை. உறுதிப் பத்திரம் வள்ளத்தில் வரும்போதே தொலைந்துவிட்டது. எங்கள் வளவு எங்கே முடிகிறது, அடுத்த வளவு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. உம்மம்மாதான் கிணற்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கால் அடியால் அளந்து போய், பற்றைக்குள் ஒரு மருதோன்றிச் செடியைக் காட்டியிருக்கிறார். "இதுதான் என்ட வேலி." அயலவர்களும் ஒத்துக்கொண்டார்கள். நாங்கள் இன்று இருக்கும் வீடு அந்த அளவில் கட்டியது.

பதினெட்டு வயதுவரை இந்தக் கதை எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. நான் அப்போது டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மாக்கட்டியைப் பற்றிய பொய்க்கு எண்ணற்ற பிரதிகள் இருந்தன. எங்கள் வளவின் எல்லையைப் பற்றிய உண்மைக்கு இருந்தது ஒரேயொரு பிரதி. அது இப்போது எழுபத்தாறு வயதான ஒரு பெண்ணின் ஞாபகம். நிலைக்கக் கூடாதது பச்சையாகக் குத்தப்பட்டுவிட்டது. நிலைக்க வேண்டியதை நாங்கள் மருதோன்றியாக உதிர விட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊரில் ஒவ்வொரு மௌத்தோடும் இப்படி ஏதோ ஒன்று போகிறது.

இணையத்தில் எழுதிவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் உலகமெங்கும் சாதாரண மக்கள் தங்கள் பக்கங்களை எழுதி வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற சேவையை யாஹூ நிறுவனம் 2009இல் மூடிவிட்டது. கடதாசிக்கும் உத்தரவாதம் இல்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 1981இல் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஆகவே வழி ஒன்றுதான்: ஓர் இடத்தில் மட்டும் வைக்காமல் பிரதி எடுப்பது. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் அப்படித்தான் பிரதி எடுத்து, யாரும் இலவசமாக வாசிக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. அதில் பாடசாலை மலர்களும் இருக்கின்றன. எங்கள் பாடசாலையைப் போன்ற ஒரு பாடசாலையின் பழைய மலரில், என் வயதுப் பிள்ளை ஒருத்தி எழுதிய கட்டுரையை அங்கே முடிவுவரை வாசித்தேன். அது என் கொப்பியில் ஐந்தாவது வட்டம்.

தோழியரே, பெரிய திட்டம் ஒன்றும் நான் சொல்லப் போவதில்லை. மூன்று சின்ன விடயங்கள் மட்டும்.

முதலாவது, முடிவுவரை வாசிக்காத எதையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். திகதி பாருங்கள், யார் எழுதியது என்று பாருங்கள். அரபு எழுத்தென்றால் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்!

இரண்டாவது, ஒரு படத்தையோ ஒரு வார்த்தையையோ போட முதல் உங்களை நீங்களே கேளுங்கள்: இது மருதோன்றியா, பச்சையா? பத்து வருடம் கழித்து இதே கையோடு நான் இருப்பேனா? 2014இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கிய பிறகு கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவருக்கு நடந்தது அநீதி என்று 2017இல் எங்கள் உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்து நட்டஈடு வழங்கச் சொன்னது. அவர் பக்திக்காகக் குத்தியதை வேறொருவர் அவமதிப்பாக வாசித்தார். நாங்கள் போடுவதை யார் எப்படி வாசிப்பார் என்பது எங்கள் கையில் இல்லை. அதைப் போடுவதா இல்லையா என்பது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது.

மூன்றாவது, இந்த வருடம் முடிய முதல் உங்கள் வீட்டில் உள்ள மூத்த பெண் ஒருவரிடம் அரை மணித்தியாலம் இருந்து கேளுங்கள். வேலி எங்கே இருந்தது, கிணறு எங்கே இருந்தது, பெருநாளைக்கு என்ன செய்தீர்கள் என்று. ஒரு பக்கம் எழுதுங்கள். முகம் காட்ட வேண்டியதில்லை, புனைபெயரிலும் எழுதலாம். ஒரு பிரதியை இந்தச் சஞ்சிகைக்குக் கொடுங்கள், ஒன்றை இணையத்தில் ஏற்றுங்கள், ஒன்றை வீட்டு அலுமாரியில் வையுங்கள். முன்னூறு பிள்ளைகள் எழுதினால் முன்னூறு பக்கம். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் எழுத முடியாத முன்னூறு பக்கம்.

நான் என் பக்கத்தைத் தொடங்கிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கள் விறாந்தையில் திரும்பவும் ஏழு பேர் கூடினோம். இந்த முறை போன்களைத் தட்டில் அடுக்கிவிட்டு, வேலியிலிருந்து இலை பறித்து அரைத்தோம். எல்லாருக்கும் விரலுக்குத் தொப்பி, உள்ளங்கைக்கு வட்டம், சுற்றிவரப் பொட்டு. வட்டம் ஒன்றும் சரியாக வரவில்லை. காய்வதற்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கையில் மருதோன்றி இருந்ததால் ஒருவரும் போனைத் தொட முடியவில்லை. அந்த இரண்டு மணித்தியாலமும் உம்மம்மா கதைத்துக்கொண்டிருந்தார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். விடிந்ததும் கையைக் கழுவிவிட்டு நான் முதலில் தேடியது பேனையை.